படையில் மிஞ்சிய ஒருவன்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். நாட்டின் பெயர் நம் காதுவரை வந்து சேரவில்லை. எதிலும் ஒழுங்கு வேண்டும் அவனுக்கு. இலையில் வைத்த வடைகூட வரிசை பிசகக் கூடாது. அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள், தன் படை குறையில்லாத வரிசைகளில் நடப்பதைப் பார்க்க ஆசை வந்தது.

வரிசையின் தலையில் நின்ற சேனாபதி அரிகண்டனையும் சேர்த்துப் படையில் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு பேர். இரண்டிரண்டாக நிறுத்தினார்கள், கடைசியில் ஒருவன் மிஞ்சினான். மும்மூன்றாக நிறுத்தினாலும் ஒருவன். நான்கு, ஐந்து என்று பத்துவரை மாற்றி மாற்றி நிறுத்தியும் அதே ஆள்தான் தனியே நின்றான். அவன் செம்பன், அரண்மனை விகடகவி பூதலிங்கத்தின் மைத்துனன். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் வாலில் இடம்.

பூதலிங்கத்தின் செல்வாக்கு அரிகண்டனின் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. எப்படிப் பிரித்தாலும் சேராதவன் நாட்டுக்கு ஆகாதவன் என்றும், அவன் ஒருவன் போனால் எல்லா வரிசையும் சரியாகிவிடும் என்றும் சேனாபதி அரசனிடம் சொன்னான். கணக்கர்களும் போட்டுப் பார்த்து ஆமாம் என்றார்கள்.

"எண்ணி முடித்தபின் மிஞ்சுகிறவன் இன்றே எல்லை கடக்கட்டும்" என்று ஆணையிட்டான் அரசன்.

"அத்தான், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று செம்பன் கேட்டான்.

பூதலிங்கத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். பூதலிங்கம் அந்த நீண்ட வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தான். பிறகு அரசனை வணங்கி, ஆணைப்படியே ஆகட்டும், ஒரேயொரு முறை தானே எண்ணிக் காட்ட அனுமதி வேண்டும் என்றான். அரசன் தலையசைத்தான்.

பூதலிங்கம் வாலுக்குப் போய், செம்பனின் தோளைத் தொட்டு எண்ணத் தொடங்கினான். பத்துப் பத்தாக ஆட்கள் கழிந்துகொண்டே வந்தார்கள். முடிவில் தலைப்பக்கம் ஒருவர் மிஞ்சினார். அவர் சேனாபதி அரிகண்டன்.



"என் சேனாபதியை நாடுகடத்தச் சொல்கிறாயா?" என்றான் அரசன்.

"இல்லை மன்னா. நடுவில் தொடங்கிச் சுற்றி எண்ணினால் இன்னொருவர் மிஞ்சுவார். மீதி இந்த எண்ணில் இருக்கிறது. எந்த ஆளிலும் இல்லை. ஒருவர் போனால் வரிசை சரியாகும் என்பது உண்மைதான். அந்த ஒருவரைத் தாங்களே காட்டியருள வேண்டும்."

அரசன் மேடையிலிருந்து இறங்கி வந்து வரிசையோரமாக நடந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாரும் கண்ணை நிமிர்த்தவில்லை. பாதிவழியில் நின்றுவிட்டான், சுட்டுவிரல் எழவில்லை. பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்தின் கழுத்தில் போட்டான்.

"மிஞ்சுகிறவனை முன்னால் நிறுத்துங்கள். கொடி பிடிக்க ஆள் வேண்டாமா?" என்றான்.

செம்பனை நாடுகடத்தும் ஆணை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. வீடு திரும்பிய பூதலிங்கத்திடம் மனைவி மாலையைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி எங்கே?" என்றாள்.

"வாசலுக்கு வந்து பாரு," என்றான் பூதலிங்கம். "கொடியோட முன்னால வர்றான்."