நிற்காத ஃபேனுக்கு விலைப்புள்ளி

"ஒரு லைட்டு, பிளக்கு பாயிண்டச் சோதிக்க நாலு நிமிஷம். மொத்தம் நூத்தி முப்பது பாயிண்ட். ரெண்டு பேர் போனா ஒரே நாள்ல முடிஞ்சிரும் மேடம்" என்றார் அழகியநம்பி. "நாம மூணு நாள்னு எழுதுறதாலதான் எல்லா வேலையும் அடுத்தவன் கைக்குப் போவுது."

ஜெசிந்தா அவர் எழுதிய தாளைப் புரட்டிப் பார்த்தார்.

அழகியநம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் வயரிங் செய்துவிட்டு, கட்டடங்களின் மின்சாரத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையை, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஜெசிந்தாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வெட்கமில்லை. அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

அவர் தனியாகப் போட்ட முதல் விலைப்புள்ளி அது. ஒரு பெண்கள் விடுதிக்கு. மாலை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். இதுவும் போனால் பழையபடி ஏணி தூக்க வேண்டியதுதான் என்று உள்ளூரப் பயந்தார்.

"கட்டடத்தப் பாத்தீயளா அண்ணாச்சி?"

"பிளானப் பாத்தேன்."

ஜெசிந்தா வண்டிச் சாவியை எடுத்தார்.

விடுமுறையில் விடுதி காலியாகக் கிடந்தது. உச்சி வெயில். வார்டன் பாக்கியத்தாய் மட்டும் இருந்தார்.

மெயினை அணைக்கச் சொன்னார் ஜெசிந்தா. அழகியநம்பி தன் கையாலேயே அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டடம் முழுக்கச் சத்தம் அடங்கியது.

அடங்கிய பிறகுதான் அது கேட்டது. மாடியில் ஏதோ ஒன்று கிறீச் கிறீச்சென்று நிதானமாகச் சுற்றியது.

காற்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழகியநம்பி படியேறினார். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

பிளானில் வெறும் சுவர் என்று காட்டியிருந்த இடத்தில் ஒரு அறை இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கடியில் நான்கு கட்டில்கள், புது விரிப்போடு.

சுவிட்ச் எங்கே என்று கேட்டார். சுவிட்ச் கிடையாது என்றார் பாக்கியத்தாய், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.

"நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து அது சுத்துது. கரண்டு போனாலும் சுத்தும். யாரும் போட்டதுமில்ல, நிறுத்தினதுமில்ல."

அழகியநம்பி சுவர்களைக் கண்ணால் துழாவினார்.

சுவரோரம் ஒரு வயர் தொங்கியது. முனையில் செம்பு தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் உயரம்.

"மெயின நீங்கதானே அணைச்சீய?" என்றார் ஜெசிந்தா.

"ஆமா."

"அப்பத் தொடுங்க."

அவர் கை போனது. ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் போக மறுத்தது.

தன் சட்டைக் காலரை ஜெசிந்தா பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஜெசிந்தா டெஸ்டரை நீட்டி வைத்தார். மெயின் அணைந்திருந்தும் அது சிவப்பாக எரிந்தது.

"திங்கக்கிழமை நாலு பிள்ளைய வருது" என்றார் பாக்கியத்தாய். "புதுசு. இந்த ரூம்தான் குடுத்திருக்கு."

ஃபேன் சுற்றியது. அழகியநம்பி பையிலிருந்து விலைப்புள்ளியை எடுத்தார். ஃபேன் காற்றில் தாள் படபடத்தது.

"இதுக்கு எங்கேருந்து கரண்டு வருது மேடம்?"

"நீங்க சொல்லுங்க."

"தெரியல."

"இதுமாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"தெரியல மேடம்."

ஜெசிந்தா பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"அந்தத் 'தெரியல'ய முதல் வரியா எழுதுங்க."