ஊதிக் காட்டிய கரடி

இளங்கரடி சடையன், புளித்துக் கிடக்கும் இலுப்பைப் பூவைத் தின்று தின்று போதையில் காடெல்லாம் தள்ளாடியவன். ஒரு நாள் அதை விட்டுவிட்டான். உடனே காடே திரண்டு அவனைத் திருத்தக் கிளம்பியது. பாவம், இனி அவனை யார் காப்பாற்றுவது?

விடிந்ததும் அம்மா கரடி, "ஊதுடா!" என்பாள். வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் தேனடை. ஓடைக்குப் போனால் குரங்கு, "எங்கே, ஊது!" என்று மூக்கை நீட்டும். சளி பிடித்த நரிகூட முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தாற்போலத் தலையாட்டியது. "பசிக்குதா?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முள்ளம்பன்றி அவனை ஊதச் சொன்னதே இல்லை. சாயங்காலம் பூவாசம் காற்றில் வரும் நேரம் பார்த்து, "சடையா, கிழங்கு தோண்டணும். உன் நகம் இல்லாம ஆகாது, வா!" என்று கூப்பிடும். தோண்டுகிற மும்முரத்தில் அவனுக்கு வாசம் மறந்துபோகும்.

நாற்பதாம் நாள் சாயங்காலம் மயில் அவனுக்குப் பாராட்டு விழா எடுத்தது. எங்கே? நிழல் நன்றாக இருக்கிறதென்று அதே இலுப்பை மரத்தடியில்! என்ன மூளை!

"ஒரு காலத்தில் சேற்றில் உருண்டு கிடந்த நம் சடையன்..." என்று தொடங்கிய மயில், அவன் விழுந்த இடம் ஒன்றையும் விடாமல் சொன்னது. சடையன் தலையைக் குனிந்தான். காலடியெல்லாம் பூ. கூட்டம் கைதட்டி முடிப்பதற்குள் அவன் வாய் நிறைந்திருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்!" என்றது மயில்.

"திருந்தாத ஜென்மம்!" என்றது குரங்கு.

ஒருவருக்கும் மரத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் சடையன் தானாகவே முள்ளம்பன்றியிடம் போனான். "நேத்து தின்னுட்டேன். ஊதிக் காட்டட்டுமா?"

"நான் கேட்டேனா? நேத்து நீ வராம குழி பாதியில கிடக்கு. இறங்கு!"

சடையன் அழுதுகொண்டே தோண்டினான். பின்னாலேயே தேடி வந்த அம்மா கரடி, பழக்க தோஷத்தில், "ஊ..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். குழி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பசிக்குதாடா?" என்றாள்.

போதையிலிருந்து மீளும் பிள்ளையைக் காப்பது தினமும் முகர்ந்து பார்க்கும் மூக்கு அல்ல, அவன் சறுக்கிய மறுநாளும் "வா" என்று கூப்பிடும் வாய்தான்.