பரிசோதகர் வயிற்றில் வாழைப்பழம்

தூத்துக்குடியிலிருந்து வாழைத்தார் ஏற்றிய தோணி ஒன்று கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே துறைமுகப் பரிசோதகர் வைத்ததுதான் சட்டம்.

"அந்நிய நாட்டுப் பழம். நான் நல்லதென்று சொல்லும்வரை ஒரு துண்டுகூட இந்தத் துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது," என்றார் அவர்.

தினமும் வந்தார். சோதனை என்று சொல்லி ஒரு சீப்பைத் தின்று தீர்த்தார். "இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது," என்று ஏப்பம் விட்டபடி வீட்டுக்குப் போனார். தார்கள் கறுக்கத் தொடங்கின. தோணித் தலைவர் கொஸ்மான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

தோணியில் சோறாக்கும் சவேரி, "இன்னைக்கும் அவர் வயிறாரத் தின்னட்டும் அண்ணே. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்," என்றான்.

தின்று முடித்துப் புறப்பட்ட பரிசோதகரை வாசலில் மறித்தான்.

"ஐயா, நீங்க வெளியே போகக் கூடாது."

"யாரைப் பார்த்துடா சொல்கிறாய்?"

"பழம் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? ஒரு சீப்புப் பழம் உங்க வயித்துக்குள்ள இருக்கே!"

வெளியே பழத்துக்காகக் காத்திருந்த வியாபாரிகள் கொல்லென்று சிரித்தார்கள். வாசல் காவல்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உத்தரவு உத்தரவுதானே ஐயா," என்று கதவைச் சாத்தினான்.

பரிசோதகருக்கு முகம் சிவந்தது. "நல்ல பழம்தான், கதவைத் திற!"

"வெளியே நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க," என்றான் சவேரி.

"நல்ல பழம்! எல்லாவற்றையும் இறக்குங்கள்!"

கதவு திறந்தது. வியாபாரிகள் முண்டியடித்து உள்ளே வந்து தார்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசித் தாரும் போகும்வரை சுவரோரம் ஒண்டி நின்றுவிட்டுத்தான் பரிசோதகரால் வீட்டுக்குப் போக முடிந்தது.