முன்தண்டு யார் தோளில்?

வெண்குன்றத்து மன்னர் வெற்றிவேழனுக்கு மலைக்கோயிலுக்குப் பல்லக்கில் போவதென்றால் கொள்ளை ஆசை. சுமப்பவர்களுக்கு அந்த ஆசை இல்லை. மன்னர் அமர்ந்த பல்லக்கு மண்ணைத் தொடக்கூடாது என்பது வழக்கம்; வழியில் இறக்கிவைக்க ஒரு கல்மேடையும் கிடையாது. போன மாதம் செங்குத்து வளைவில், பல்லக்கின் முன்தண்டைச் சுமந்த வீராண்டிக்குக் கால் இடறியது. பல்லக்கை விடாமல் இடுப்பை ஒடித்துக்கொண்டான். மன்னர் நலம் என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

பல்லக்குக்காரர்கள் கல்மேடை கேட்டார்கள். கேட்பதற்கு ஒன்றுக்கு இரண்டாகச் சங்கங்கள் இருந்தன. நீலத் தலைப்பாகைச் சங்கத்துக்கு அமைச்சர் சிதம்பரேசர் தலைவர். மஞ்சளுக்குத் தளபதி சூரக்கோன். இருவருமே பல்லக்கில் ஏறிப் பழகியவர்கள், ஆகவே தொழில் தெரிந்தவர்கள். மஞ்சள்காரர்களும் மேடை கேட்கிறார்கள் என்றதும், அது ராஜத்துரோகம் என்றார் அமைச்சர். தளபதியோ, தான் அமைச்சரானதும் முதல் வேலை அதுதான், அதுவரை தன் பெயரைச் சொல்லி வாழ்க போடுங்கள் என்றார்.

திருவிழா வந்தது. பல்லக்குக்காரர்கள் இரண்டு நிறத் தலைப்பாகைகளையும் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். மன்னர் கொதித்தார். ஒரு நாழிகைக்குள் பல்லக்கு நகராவிட்டால் அத்தனை பேரும் குடும்பத்தோடு நாடுகடத்தப்படுவார்கள் என்றார். இடுப்பொடிந்தவனை எதில் வைத்துத் தூக்கிப்போவது என்று வீராண்டியின் மனைவி அழுதாள்.

அவைப்புலவர் அங்கமுத்து எழுந்தார்.

“பல்லக்கு நகரும், அரசே. சங்க வழக்கப்படி நடந்தால் போதும்.”

“என்ன வழக்கம்?”

“திருவிழாவன்று முன்தண்டு சங்கத் தலைவர் தோளில் ஏறவேண்டும். நம் அதிர்ஷ்டம், தலைவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர்.”

அமைச்சர் மறுப்பார் என்று தளபதி காத்திருந்தார். தளபதி மறுப்பார் என்று அமைச்சர் காத்திருந்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லக்குக்காரர்கள் சிரிப்பை அடக்கியபடி எழுந்து பின்தண்டைப் பிடித்தார்கள்.

முதல் வளைவில் இருவருக்கும் வாழ்க கோஷம் கேட்டது. கையசைக்கக் கை இல்லை. செங்குத்து வளைவில், பல வருடங்களுக்குப் பிறகு, அமைச்சர் தளபதியோடு பேசினார்.

“கொஞ்சம் இறக்குவோமா, ஐயா?”

“எங்கே இறக்குவது?”

“அதைத்தான் சாமி நாங்களும் கேட்டோம்” என்றது பின்தண்டு.

அடுத்த நொடி நீலமும் மஞ்சளும் ஒரே குரலில் மன்னரிடம் கல்மேடை கேட்டன. மன்னர் உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்; அந்தக் குலுங்கலையும் அவர்களே சுமந்தார்கள். வளைவுக்கு ஒரு மேடை கட்ட ஆணையிட்டார். நாடுகடத்தும் பேச்சு அத்தோடு போனது. பரிசாக என்ன வேண்டும் என்று புலவரைக் கேட்டார். வீராண்டிக்கு ஆயுள் முழுக்கச் சோறும் வைத்தியமும் என்றார் அங்கமுத்து.

கீழே வந்து மூச்சு வாங்கியதும், மேடையை வாங்கித் தந்தது தன் சங்கம்தான் என்றார் அமைச்சர். தளபதி வாளில் கை வைத்தார். கல்லில் யார் பெயரைப் பொறிப்பது என்று மன்னர் புலவரைப் பார்த்தார்.

“அடுத்த திருவிழாவிலும் முன்தண்டு சுமப்பவர் பெயரைப் பொறித்துவிடலாம், அரசே.”

மறுநாள் காலை இரண்டு சங்கங்களிலும் தலைவர் பதவி காலியாக இருந்தது.