பதினஞ்சு பேர் பிடிச்ச கேமரா

நல்லாம்புதூர்க்காரர்களுக்கு அறிவு மட்டு என்று சொல்கிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான். உள்ளூரில் இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் அந்த ஊர்தானுங்க. எதிர்வீட்டுத் துளசிமணியைப் போட்டோ எடுத்த பதினைந்து பேரில் நான் ஒன்பதாவது ஆள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

துளசிமணிக்கு அப்பா இல்லை. அம்மா பாவாத்தாள். தாய்மாமன்கள் மூன்று பேர். பெரியவர் வெள்ளிங்கிரி, எந்தக் காரியத்திலும் முன்னால் நிற்கிறவர். நடுவில் மருதாசலம், அஞ்சாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் ஊரிலேயே அதிகம் படித்தவர். சின்னவர் நஞ்சப்பன். அண்ணன்மார் சொன்னதைச் செய்து முடித்துவிட்டு, அப்புறமாக "எதுக்குங்கண்ணா?" என்று கேட்பார்.

மாப்பிள்ளை சென்னியப்பன், உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் வேலை. அவருடைய போட்டோ முதலில் வந்தது. துளசிமணி அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, அரிசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாளைக்கு நாலு தடவை போனாள். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். வாய் திறந்து எதையும் கேட்காத பிள்ளை அது. கேட்டது இந்த ஒன்றைத்தான்.

பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு படம் போயிற்று. டவுன் ஸ்டுடியோக்காரர் சாமிக்கண்ணுவிடம் கேமராவை இரவல் வாங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்குள் வைத்து வெள்ளிங்கிரி எடுத்த படம். நாலாம் நாள் அது திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம். மருதாசலம் படித்தார்.

"படத்தில் மூன்று பெண்கள் தெரிகிறார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு மூக்குதான் இருக்கிறது. இதில் பெண் யார் என்று விளங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெளிவான படம் அனுப்பவும். தாராபுரத்திலிருந்தும் ஒரு பெண்ணின் படம் வந்திருக்கிறது. அது தெளிவாக இருக்கிறது."

துளசிமணி அழுதாள். மாமன்கள் மூன்று பேரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கேமரா ஆடியிருக்குது," என்றார் மருதாசலம். "நல்லாப் பாருங்க. எடது பக்கமா ஆடியிருக்குது."

"அப்ப வலது பக்கமா ஆட்டுனா சரியாப் போயிருமல்ல?" என்று வெள்ளிங்கிரி கேட்டார்.

யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. நஞ்சப்பன் அந்தப் படத்தை எடுத்து உச்சிப்பொழுது வரைக்கும் வலது பக்கமாக ஆட்டினார். ஆட்டி முடித்துவிட்டு, "எதுக்குங்கண்ணா?" என்றார். மூன்று பெண்களும் அப்படியே இருந்தார்கள்.

சரி, புதுசாகவே எடுத்துவிடலாம் என்று சாமிக்கண்ணுவுக்குச் சொல்லி அனுப்பினோம். அது ஐப்பசி மாதம். திங்கட்கிழமை கடைசி பஸ்ஸில் கண்டக்டர் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பின்னாலேயே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. கரண்டும் இல்லை. பால்காரர் மட்டும் பரிசலில் போய்வந்தார். துளசிமணியையே பரிசலில் ஏற்றி ஸ்டுடியோவுக்கு அனுப்பலாமே என்று நான் சொன்னேன். பாவாத்தாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வீட்டுக்கே போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

கேமராவோடு ஒரு சீட்டு இருந்தது. அதை எல்லாரும் மனப்பாடம் செய்தோம்.

"மழை மூட்டம். வெளிச்சம் கம்மி. ஃபிளாஷ் ரிப்பேர். ஆகவே ஷட்டர் டயலை 15-இல் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டாம். 15-இல் ஒரு ஆள் கையில் கேமரா நிற்பது கஷ்டம். மிகவும் கவனம். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளவும். சுவரில் நன்றாகச் சாய்ந்துகொள்ளவும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை மெதுவாக அழுத்தவும். பெண்ணும் அசையக் கூடாது. ரோலில் இரண்டு படம்தான் பாக்கி."

பதினைந்து என்றால் என்ன என்று பிற்பாடு சாமிக்கண்ணு விளக்கினார். ஒரு நொடியைப் பதினைந்தாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு நேரம் கேமராவின் கண் திறந்திருக்குமாம். அந்த நேரத்துக்குள் கை ஆடினால் படமும் ஆடிவிடுமாம். எங்களுக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாவாத்தாள் மைதா மாவில் பசை காய்ச்சினாள். வெள்ளிங்கிரியின் முழங்கைகளை விலாவோடு ஒட்டினோம். முதலில் சட்டையோடு ஒட்டினோம். அப்படி ஒட்டினால் சட்டைதான் ஒட்டும், விலா ஒட்டாது என்று மருதாசலம் கண்டுபிடித்ததால் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஒட்டினோம். காய்ந்தபிறகு பிடி நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் இரண்டு நாளைக்கு அவருக்குச் சோறு ஊட்டியது பாவாத்தாள்தான்.

துளசிமணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அசையவே இல்லை. வெள்ளிங்கிரி கேமராவை வாங்கிக்கொண்டு எதிர்ச் சுவரில் சாய்ந்தார்.

"நல்லாச் சாயுங்கண்ணா. 'நன்றாக'ன்னு எழுதியிருக்குது," என்றார் மருதாசலம்.

வெள்ளிங்கிரி நன்றாகச் சாய்ந்தார். ஒரு வாரம் மழையில் ஊறிய மண்சுவர் அது. அதுவும் நன்றாகச் சாய்ந்தது. சுவரோடு சேர்ந்து அவரும் வெளியே மாட்டுக் கட்டுத்தரையில் போய் மல்லாந்தார். விழும்போது விரல் பொத்தானில் பட்டுவிட்டது. அந்தப் படத்தைப் பிற்பாடு கழுவிப் பார்த்தால் பாதி வானமும் ஒரு எருமையின் தாடையும் இருந்தன.

எல்லாருக்கும் வெசனமாகப் போய்விட்டது. பாக்கி ஒரே ஒரு படம்.

"என்ற கை ஆடலை," என்றார் வெள்ளிங்கிரி, கட்டுத்தரையிலிருந்தே. கையை ஊன்றி எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். "செவுருதான் ஆடுச்சு."

"செவுரு ஆடுனா மனுசன் என்ன பண்ணுவான்?" என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

சுவர் போனதில் ஒரு நன்மை, வீட்டுக்குள் பளீரென்று வெளிச்சம் வந்துவிட்டது. துளசிமணியின் மூக்குத்திகூடத் தெரிந்தது. மருதாசலம் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெளிச்சம் கம்மின்னு எழுதியிருக்கறாரு. இது எச்சா இருக்குதே."

நல்லவேளை, பார்த்தார். தார்ப்பாயைக் கொண்டுவந்து ஓட்டையை மறைத்தோம். பழையபடி மங்கலானபிறகுதான் மனசு ஆறியது.

அடுத்தது மூச்சு. நஞ்சப்பனைப் பிடித்துப் பார்க்கச் சொன்னோம். அவர் பிடித்தார். முகம் சிவந்து, அப்புறம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"எப்ப உடறது?" என்று ஜாடையில் கேட்டார்.

மருதாசலம் சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார். "பிடிக்கத்தான் சொல்லியிருக்குது. உடறதப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

பால்காரரைப் பரிசலில் சாமிக்கண்ணுவிடம் கேட்டுவர அனுப்பினோம். அவர் திரும்பி வருவதற்குள் நஞ்சப்பன் தானாகவே கீழே விழுந்து தானாகவே மூச்சு விட்டுவிட்டார். சாமிக்கண்ணு என்ன சொன்னார் என்று பால்காரர் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. பொம்பளைகள் இருக்கிற இடத்தில் சொல்லக்கூடாது என்றார்.

புதன்கிழமை விடிந்தது. அன்றைக்கு எடுத்தால்தான் வியாழக்கிழமை கழுவித் தபாலில் சேர்க்கலாம். மருதாசலம் ராத்திரியெல்லாம் சீட்டை யோசித்திருக்கிறார். கேமராவைக் கையில் வாங்கி டயலைக் காட்டினார்.

"நம்ம தப்பு இங்கதான் இருக்குது. ஒரு ஆள் கையில நிக்காதுன்னு சாமிக்கண்ணு தெளிவா எழுதியிருக்கறாரு. அப்ப எத்தன ஆள் வேணும்? அதையும் இங்கயே போட்டிருக்குது பாருங்க. பதினஞ்சு."

நாங்கள் எட்டிப் பார்த்தோம். பதினைந்துதான். அதற்கு மேலே முப்பது, அறுபது என்று போய்க் கடைசியில் ஆயிரம் என்றும் இருந்தது.

"ஆயிரத்துல வெச்சிருந்தா என்னத்துக்காறது?" என்றார் வெள்ளிங்கிரி. "நம்மூர்ல சனமே நானூறுதான்."

"நம்ம நெலம தெரிஞ்சுதான் பதினஞ்சுல வெச்சுக் குடுத்திருக்கறாரு. தங்கமான மனுசன்," என்றார் மருதாசலம்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். மழையிலும் வந்தார்கள். பாவாத்தாளையும் சேர்த்து எண்ணியதில் பதினான்கு பேர். ஆற்றுக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள், பூசாரிக்குக் காய்ச்சல், மற்றவர்கள் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்கள். ஒரு ஆள் குறைந்தது. பதினான்கு பேரை வைத்தே எடுத்துவிடலாமா என்று நஞ்சப்பன் கேட்டதற்கு, "டயல மாத்த வேண்டாம்னு எழுதியிருக்குது" என்று மருதாசலம் கோபப்பட்டார்.

துளசிமணி காலையிலிருந்து நாற்காலியில் அசையாமல் இருந்தாள். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டவில்லை. மத்தியானமும் தாண்டிவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் திரண்டு இறங்கியது.

"மாமா," என்றாள். "நாளைக்குத் தபால்ல சேரலைன்னா அவிங்க தாராபுரத்துக்குப் போயிருவாங்க. நானே வந்து புடிக்கறேன்."

"உன்ற படத்துக்கு நீயே புடிக்கலாமா அம்முணி? மொறை இருக்குதா?" என்று பாவாத்தாள் தயங்கினாள்.

"தன்னோட கல்யாணத்துக்குத் தானே ஒத்தாசை பண்றதுல தப்பே இல்லீங்க அக்கா," என்றார் மருதாசலம்.

நஞ்சப்பனுக்கு அபூர்வமாக, காரியத்துக்கு முன்னாலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "அவ இங்க வந்துட்டா அங்க யாருங்கண்ணா?"

மருதாசலம் நடந்துபோய் நாற்காலியின் பிரம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காத்தால இருந்து உக்காந்திருக்கறா. சூடு அப்படியே இருக்குது. ஆறுறதுக்குள்ள எடுத்தரோணும்."

"பொண்ணு அசையக் கூடாதுன்னு எழுதியிருக்குதே?"

"நாற்காலியில இல்லாத பொண்ணு எப்படிடா அசையும்?"

இதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பிடித்தோம். வெள்ளிங்கிரி கேமராவைப் பிடித்தார். மருதாசலம் வெள்ளிங்கிரியைப் பிடித்தார். நஞ்சப்பன் மருதாசலத்தைப் பிடித்தார். இப்படியே ஒருத்தரை ஒருத்தர் பிடித்து வந்ததில், ஒன்பதாவதாக நான் எட்டாவது ஆளின் இடது முட்டியைப் பிடித்தேன். துளசிமணி கேமராவின் வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சாமி கும்பிட்டாள். பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்தோம். மெதுவாக அழுத்தச் சொல்லியிருந்ததால் வெள்ளிங்கிரி மெதுவாக அழுத்தினார். அவ்வளவு மெதுவாக ஒரு மனுசன் அழுத்தி நான் பார்த்ததில்லை. இடையில் ஏழாவது ஆளுக்கு மயக்கம் வந்துவிட்டது. ஆனால் நெருக்கத்தில் விழ இடமில்லாமல் நின்றபடியே மயங்கினார், அதனால் பாதகமில்லை.

கடைசியில் 'டக்'கென்று சத்தம் கேட்டது. கேமரா ஒரு நூல்கூட ஆடவில்லை.

வியாழக்கிழமை பால்காரர் ரோலைக் கொண்டுபோய்ப் படத்தோடு திரும்பினார். எங்கள் ஊரில் அப்படி ஒரு தெளிவான படத்தை யாரும் பார்த்ததே இல்லை. நாற்காலியின் பிரம்புக் கண்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். துளசிமணி தலையிலிருந்து உதிர்ந்த ஒரு மல்லிகைகூட இருந்தது. படத்தின் பின்னால் சாமிக்கண்ணு, "பெண் எங்கே?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே மருதாசலம், "வீட்டில் சுகமாக இருக்கிறாள்" என்று பதில் எழுதினார். அன்றைக்கே தபாலில் சேர்த்தோம்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. துளசிமணி சாப்பிடவில்லை. அரிசிப் பானைப் பக்கம்கூடப் போகவில்லை. பெற்ற வயிறு, பாவாத்தாளும் பட்டினி கிடந்தாள். எங்களுக்கும் மனசே சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வடிந்து முதல் பஸ் வந்தது. அதிலிருந்து மாப்பிள்ளையே இறங்கினார். கையில் படம்.

"தாராபுரத்துப் படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தனுங்க," என்றார் வாசலில் நின்றபடி. "அதுல இத்தன தெளிவு இல்லீங்க. நேர்லயும் ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போனோம். அவர் நேராகப் போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமன்கள் மூன்று பேரும் பதறிப் போனார்கள்.

"மாப்ள, சித்த எந்திரிங்க," என்றார் வெள்ளிங்கிரி.

"ஏனுங்க?"

மருதாசலம் படத்தை வாங்கி அவர் முன்னால் நீட்டினார். "நீங்களே பாருங்க. பொண்ணு மேல உக்காந்துட்டீங்க."

மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், துள்ளி எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் பிரம்பைத் துடைத்துவிட்டார். "தெரியாம உக்காந்துட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்று நாற்காலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல குணமான பையன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

துளசிமணி காப்பி கொண்டுவந்தாள். தம்ளரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு வந்ததில் பாதி தட்டிலேயே இருந்தது. மாப்பிள்ளை தம்ளரை வாங்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க பொண்ணுக்கு என்னங்க வேணும்?"

"நாந்தானுங்க பொண்ணு."

அவர் காப்பியைக் கீழே வைத்தார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். துளசிமணியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நாங்கள் பதினான்கு பேரும் யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எனக்குச் சம்மதமுங்க," என்றார். "படத்துல இருக்கறதவிட நேர்ல லட்சணமாத்தான் இருக்கறீங்க."

துளசிமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு எனக்குச் சளி புடிச்சிருந்துச்சுங்க," என்றாள்.