ஆறாத தட்டு

"குரு, ஒருத்தியோட கோபம் ஆற எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

ஐஸ்கிரீம் கோன் சுடும் அந்தக் கம்பெனியில் ரெஜினாவை எல்லாரும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். வடிவாம்பாளைவிட வயதில் சின்னவள். ஆனால் உறைபனியை வீசித் தட்டுகளைச் சுத்தம் செய்யும் டிரை ஐஸ் மெஷினை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்; வடிவாம்பாள் அவளிடம் பழகிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் கோபம்?"

"என் தங்கச்சி சொர்ணத்துக்கு. இன்னைக்கு மத்தியானம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போறா. பிள்ளைகளை விட்டுட்டுப் போறவ ஒரு தாயான்னு நேத்து கேட்டுட்டேன். இனி என் மூஞ்சியில முழிக்காதேன்னுட்டா."

"இப்ப என்ன செய்யப்போறீங்க அக்கா?"

"ஆறட்டும். அவ அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்."

ரெஜினா கோன் சுடும் இரும்புத் தட்டைக் காட்டினாள். அதன் கட்டங்களில் சர்க்கரை மாவு கருகி ஒட்டியிருந்தது.

"சுத்தம் பண்ணுங்க."

"ஐயோ, இப்பத்தானே அடுப்பை அணைச்சாங்க! தகிக்குது. ஆறட்டும் குரு."

"சரி. நேத்தே ஆறினது ஒண்ணு அங்க கிடக்கு. அதை மெஷினால அடிங்க."

வடிவாம்பாள் காதடைப்பும் கையுறைகளும் மாட்டிக்கொண்டு மெஷின் குழாயின் விசையை அழுத்தினாள். அரிசி அரிசியாகப் பனி சீறிப் பாய்ந்தது. கருகல் லேசில் அசையவில்லை.

விசையை விட்டாள். "கோவில்ல சுண்டல் குடுக்கிற மாதிரி கிள்ளிக் கிள்ளி வருதே!"

"இப்ப அந்தச் சூட்டுத் தட்டை அடிங்க."

"வெடிச்சுடுமே!"

"அடிங்க அக்கா."

கண்ணை இறுக்கிக்கொண்டு அழுத்தினாள்.

படபடவென்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தாள். கருகல் சில்லுச் சில்லாகத் தெறித்துக்கொண்டிருந்தது! பனி பட்ட இடத்திலேயே புகையாகிக் காணாமல் போனது. ஈரம் இல்லை. கீறல் இல்லை. இரும்பு மட்டும் புதுசாக மின்னியது.

"குரு! பாருங்களேன்! போயிடுச்சு! அத்தனையும் போயிடுச்சு!" வடிவாம்பாள் குதித்தாள். "அதே பனி, அதே கருகல். அதுல வரலை, இதுல எப்படி வந்துச்சு?"

"இது இன்னும் ஆறலையே."

வடிவாம்பாளின் சிரிப்பு நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையுறைகளைப் பிடுங்கி எறிந்தாள்.

"குரு, உங்க வண்டிச் சாவி! சீக்கிரம்!"

"வண்டியிலதான் இருக்கு," என்றாள் ரெஜினா.