ஏரிக்குள் வந்த தெருவும் ஆள்காட்டியின் கூச்சலும்

மனிதரும் பறவைகளும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவியின் குரலை யாருமே கேட்டதில்லை. பேசத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் மதிப்புக் குறையும் என்று நினைத்த பறவை அது. மஞ்சள் காலை எடுத்து வைத்து ஏரிக்கரையில் நடக்கும்போது, ஊரையே தான்தான் தாங்குவதுபோல ஒரு மிடுக்கு இருக்கும்.

அந்த மிடுக்குக்குக் காரணமும் இருந்தது. ஈச்சமேடு என்ற அந்த ஊருக்கு மேற்கே மலை, கிழக்கே ஏரி, நடுவில் மேடு. மேட்டின்மேல் கொஞ்சம் வீடுகள். மழை வருமா என்று அந்த ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆள்காட்டி எங்கே முட்டையிட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஏரிக்குள் இட்டால் அந்த வருஷம் தண்ணீர் வராது; மேட்டில் இட்டால் ஏரி நிரம்பும். அதைப் பார்த்த பிறகே விதைப்பார்கள்.

மேட்டில் இரண்டு வண்டிப்பாதைகள் சேர்ந்தன. அங்கே ஒரு சந்தை கூடியது. அதற்கப்புறம் ஊரைக் கையில் பிடிக்க முடியவில்லை. உப்பு விற்க வந்தவன் தங்கிவிட்டான். வளையல் விற்க வந்தவன் அண்ணன் தம்பிகளைக் கூட்டி வந்தான். பானை செய்கிறவர்கள் ஒரு தெருவாகவே வந்து இறங்கினார்கள். மேட்டில் கால் வைக்க இடமில்லை.

கூலிக்கு மூட்டை தூக்க வந்த கன்னியப்பனுக்கும் நிறைமாதமாயிருந்த அவன் மனைவி அஞ்சலைக்கும் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில்தான் ஒதுங்க இடம் கிடைத்தது. அந்த வருஷம் ஆள்காட்டி காய்ந்த ஏரியின் நடுவிலேயே முட்டையிட்டது.

"அஞ்சல, அந்தக் குருவியே ஏரிக்குள்ள குடித்தனம் பண்ணுது. நமக்கு மட்டும் என்ன?" என்றான் கன்னியப்பன்.

அஞ்சலை நேராகப் பறவையிடமே போய்க் கேட்டாள். "ஏம்மா, இங்க வூடு கட்டிக்கலாமா?"

ஏரி காய்ந்து கிடப்பது இந்த வருஷத்துக்கு மட்டும்தான் என்று ஆள்காட்டிக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் அடைகாத்தது. அஞ்சலை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு வீடு எழும்பியது, பின்பு ஒரு தெரு. கொஞ்ச நாளில் மேட்டைவிட ஏரிக்குள்தான் ஜனம் அதிகம். அங்கேதான் அஞ்சலைக்கு ஆண் குழந்தை பிறந்தது. வாசலைக் கொத்தும்போது வெளிப்படும் புழுக்களை அவள் ஆள்காட்டியின் பக்கம் தள்ளிவிடுவாள். பறவைக்கும் அவளைப் பிடித்துப் போயிற்று.

அடுத்த பங்குனியில், வரப்போகும் பெருமழையை ஆள்காட்டியின் உடம்பு முன்னாலேயே உணர்ந்தது. சந்தைக்குப் பக்கத்தில், மேட்டின் உச்சியில் முட்டையிட்டுவிட்டு ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தது. யாரும் வரவில்லை. பழைய ஆட்களுக்கு வியாபாரமே சரியாக இருந்தது. புதிய ஆட்களுக்கு அந்த வழக்கமே தெரியாது. அஞ்சலை ஏரிக்குள் தூளி ஆட்டிக்கொண்டிருப்பதை ஆள்காட்டி பார்த்தது. சொல்லிவிடலாமா என்று தோன்றியது. இவ்வளவு பெரிய அடையாளம் காட்டிய பிறகு வாயாலும் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு நடுப்பகல். மலையிலிருந்து தண்ணீர் வந்த வேகத்தில், அடுப்பில் வைத்த உலை கொதிப்பதற்குள் தெரு இல்லை. கூரைகள் மிதந்தன. கூப்பாடு கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. மேட்டின் உச்சியில் நின்று ஆள்காட்டி எல்லாவற்றையும் பார்த்தது. தான் பார்ப்பது நிஜம்தானா என்று அதற்கு விளங்கவில்லை.

மேட்டுச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கன்னியப்பன் ஓடி வந்து, கயிறு வீசி அஞ்சலையை மேட்டுக்கு இழுத்தான். அவள் கையில் குழந்தை இல்லை. அவள் அழவுமில்லை. ஆள்காட்டியையும் அதன் பக்கத்தில் நனையாமல் நின்ற வளர்ந்த குஞ்சுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒம் புள்ளைங்கள மட்டும் மேல வச்சிக்கினியே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

ஆள்காட்டி வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு அலறல் மட்டும் வந்தது. அதன் பேச்சு அத்தோடு போய்விட்டது.

ஆள் தலை தெரிந்தாலே ஆள்காட்டி கத்தத் தொடங்கியது அன்றைக்குத்தான். தன் முட்டைக்காகக் கத்துகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இன்றைக்கும் ஏரிக்குள் மனைக்கல் நட ஆட்கள் இறங்கினால், அவர்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வந்து கத்துவது அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான்.